4,112 கையெழுத்தும் 11 பேரும்: இணைய மனுத் தளங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை இழந்தவர்கள் வந்து சேரும் இடங்களில் இணைய மனுத் தளமும் ஒன்று. கட்சி மாற்றி வாக்களித்துப் பார்த்து, ஆட்சி மாறியும் காட்சி மாறவில்லை என்று சலித்துப்போனவருக்கு, அடுத்த தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே ஏதேனும் செய்யலாம் என்று தெம்பூட்டும் சேவை இது. உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள தனியார் தளம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறேன். இருபதுக்கும் மேற்பட்ட மனுக்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்றை நானே தொடங்கினேன். அந்த அனுபவத்தையும், சில நாடுகளில் அரசோ நாடாளுமன்றமோ நடத்தும் இதே வகைச் சேவைகளையும் அருகருகே வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பயன்படுத்துவதற்கு எளிது என்பதில் தனியார் தளத்தைக் குறை சொல்ல முடியாது. பெயர், மின்னஞ்சல் முகவரி, ஒரு பொத்தான். அரை நிமிடத்தில் கையெழுத்துப் பதிவாகிவிடும். அடுத்த பக்கம்தான் இந்தச் சேவையின் இயல்பைக் காட்டிக்கொடுக்கிறது. நன்றி சொன்ன கையோடு, இம்மனுவை இன்னும் பலருடைய பார்வைக்குக் கொண்டுசெல்லப் பணம் தருகிறீர்களா என்று கேட்கிறது. மனுவைத் தொடங்கியவருக்கோ, மனு யாரிடம் போக வேண்டுமோ அவருக்கோ அந்தப் பணம் போவதில்லை. தளத்துக்குள்ளேயே விளம்பரமாகச் செலவாகிறது. அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு மின்னஞ்சல்கள், ஒவ்வொன்றும் வேறொரு அநீதியைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு மாதம் தொடர்ந்து படித்தவருக்கு உலகில் எதுவுமே சரியில்லை, எதையுமே சரிசெய்யவும் முடியாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. விரக்திக்கு மருந்து தேடி வந்தவருக்கு அதே விரக்தியைத் தவணை முறையில் தருவது போலத்தான் இது எனக்குப் பட்டது.

எங்கள் பொது நூலகத்தின் மாலை நேரத்தைக் குறைத்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே நான் தொடங்கிய மனு. தளம் முதலில் 100 கையெழுத்து என்று இலக்கு வைத்தது. அதை எட்டியதும் 200, பிறகு 500, 1,000, 2,500, 5,000 என்று தானாகவே உயர்த்திக்கொண்டு போனது. இந்த எண்கள் எதற்கும் நூலக நிர்வாகத்திடம் எந்தப் பொருளும் கிடையாது. 500 பேர் கேட்டால் இன்னது செய்வோம், 5,000 பேர் கேட்டால் இன்னது செய்வோம் என்று எவரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. அது தெரிந்திருந்தும் தினமும் காலையில் எழுந்ததும் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வாரத்தில் அது 4,112-இல் வந்து நின்றது.

ஆறாவது வாரம் மனுவின் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு நூலகத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். அலுவலகத்தின் பொது மின்னஞ்சலைத் திறந்து, தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தளம் தானாக அனுப்பிய அறிவிப்புகள் அத்தனையும் குப்பை அஞ்சலில் போய், ஒன்றுகூடத் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன. பிறகு, “இதுல கையெழுத்துப் போட்டவங்க யாராவது உங்ககூட வந்திருக்காங்களா, சார்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, யாராவது வந்திருந்தால் அதிகாரியைப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பார் போலும்.

யாரும் வரவில்லை; நான் அழைத்திருந்தால்தானே வருவார்கள்? அழைக்கவும் வழியில்லை. கையெழுத்திட்ட 4,112 பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் தளத்திடம் இருக்கின்றன, மனுவைத் தொடங்கிய என்னிடம் இல்லை. தளத்தின் வழியாக அவர்களுக்குப் பொதுச் செய்தி ஒன்றை அனுப்பலாம், அவ்வளவே. அவர்களில் எத்தனை பேர் அந்த நூலகத்தில் கால் வைத்தவர்கள் என்பதைக்கூட என்னால் அறிய முடியவில்லை. தனியுரிமை கருதியே இந்த ஏற்பாடு என்று தளம் சொல்லும் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே முகவரிகளுக்கு அடுத்தடுத்த மனுக்களையும் நன்கொடைக் கோரிக்கைகளையும் தளம் மட்டும் தங்குதடையின்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மனுவால் விளையும் உண்மையான சொத்து ஒத்த கருத்துள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதுதான் என்றால், அந்தச் சொத்து முழுவதும் நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதையே.

நூலக வாசலில் ஒரு தாளை ஒட்டிவைத்தேன். பத்து பேர் கிடைத்தார்கள், என்னோடு சேர்த்து 11 பேர். ஒரே பக்கத்தில் எழுதிய மனுவைக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டோம். 24 நாட்களில் பதில் வந்தது: கோரிக்கை ஏற்கப்படவில்லை, பணியிடம் ஒன்று நிரப்பப்படாததால் மாலை நேரத்தில் நூலகத்தை நடத்த இயலாது. மறுப்புத்தான் என்றாலும் அதில் ஒரு காரணம் இருந்தது, அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அக்காரணமே சொல்லிவிட்டது. இல்லை என்று சொல்லப்பட்டவருக்கு வரும் கோபம் வேறு, எவர் காதிலும் விழாமல் போனவருக்கு வரும் சலிப்பு வேறு. முன்னது ஆளை மறுபடி எழுப்பிவிடும், பின்னது வீட்டுக்குள் முடக்கிவிடும்.

ஆகவே எந்த மனுச் சேவையையும் நான் இப்போது ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இத்தனை பேர் கேட்டால், இத்தனை நாளுக்குள், இன்னார் இன்னது செய்தாக வேண்டும் என்று எங்காவது விதி இருக்கிறதா? மனுநீதிச் சோழன் கதையில்கூட மணி பெரிதல்ல. அது ஒலித்தால் மன்னன் எழுந்து வந்தாக வேண்டும் என்பதே பெரிது. (இழுத்தது பசு என்பதால் மின்னஞ்சல் முகவரி கேட்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.)

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளம் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. 2015 முதல் இன்றைய வடிவில் இயங்கும் அத்தளத்தில் 10,000 கையெழுத்துக்கு அரசு எழுத்தில் பதில் தருகிறது. 1 லட்சத்தைத் தொட்டால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் முடிவைக் கைவிடக் கோரி 2019-இல் எழுந்த மனுவில் 61 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். விவாதம் நடந்தது, அரசு தன் நிலையிலிருந்து அசையவில்லை. 61 லட்சம் பேருக்கே இந்தக் கதி என்று பலர் கைகழுவினாலும், பதிலும் விவாதமும் என்று தளம் சொன்னதைத் தளம் செய்தது. அதற்கு மேல் எதையும் அது வாக்களிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்லாந்தின் ஏற்பாடு இதைவிடக் கெட்டியானது. 2012 முதல் அங்கே ஆறு மாதத்தில் 50,000 பேர் ஆதரித்தால் குடிமக்களே ஒரு சட்ட முன்மொழிவை நாடாளுமன்றத்தின் முன் வைக்கலாம், அந்த உரிமை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒருபாலினத் திருமணத்தை ஏற்கும் சட்டம் இவ்வழியில் வந்ததுதான். நாடாளுமன்றக் குழு நிராகரிக்கப் பரிந்துரைத்த பிறகும், 2014 நவம்பரில் அவை 105-க்கு 92 என்ற கணக்கில் அதை ஆதரித்தது; சட்டம் நடைமுறைக்கு வர 2017 மார்ச் ஆயிற்று. சுவிட்சர்லாந்தில் 18 மாதத்தில் 1 லட்சம் கையெழுத்துச் சேர்ந்தால் அரசியலமைப்புத் திருத்தம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகிறது. அப்படிப் போகிறவற்றில் பெரும்பாலானவை தோற்கின்றன, ஆனாலும் கிணற்றில் போட்ட கல் என்று அவற்றைச் சொல்ல முடியாது.

அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளத்துக்கு எதிர்மாறான கதை. கைபேசியை வேறு நிறுவனத்தின் இணைப்பில் பயன்படுத்தும் வகையில் பூட்டு நீக்கும் உரிமை கேட்டு 2013-இல் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, மறு ஆண்டே அது சட்டமானது. இருந்தும் அந்தத் தளத்துக்குச் சட்டத்தின் பிடிமானம் எதுவும் கிடையாது. ஓர் ஆட்சி விரும்பி 2011-இல் தொடங்கியது, 2021 ஜனவரியில் ஆட்சி மாறியதோடு காணாமல் போனது.

தனியார் தளங்களைப் பற்றிச் சொன்ன குறைக்குப் பழைய வரலாறு ஒன்றும் துணை நிற்கிறது. பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் 1839-இல் ஏறத்தாழ 12.8 லட்சம், 1842-இல் 33 லட்சத்துக்கும் மேல் என்று கையெழுத்துச் சேர்த்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டையும் அவை தள்ளிவிட்டது, 1848-இல் கொண்டுபோன மூன்றாவது மனுவாலும் பலன் இல்லை. ஆனால் அந்தத் தாள்கள் பட்டறை பட்டறையாக, கூட்டம் கூட்டமாகக் கைமாறி நிரம்பியவை. கையெழுத்து வாங்கியவருக்கும் இட்டவருக்கும் பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கும். அவர்களுடைய ஆறு கோரிக்கைகளில் இரகசிய வாக்குமுறை 1872-இலும், உறுப்பினர்களுக்கு ஊதியம் 1911-இலும், வயது வந்த ஆண்கள் அனைவருக்குமான வாக்குரிமை 1918-இலும் வந்தன. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் சட்டமாகிவிட்டன. 1839-இல் கையெழுத்திட்டவர்களில் ஏறத்தாழ எவருமே 1918-ஐப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தனியார் தளத்துக்கு ஐந்தில் இரண்டு புள்ளி தருகிறேன், அதுவும் செய்தியைப் பரப்புவதற்காக மட்டும். உங்கள் நாட்டில் விதியால் கட்டுண்ட அதிகாரபூர்வச் சேவை இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். இல்லையென்றால் தளத்தில் மனுவைத் தொடங்கும்போதே அதன் முதல் வரியில் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் விட்டது அதைத்தான். அந்தக் காலிப் பணியிடத்தை நிரப்பக் கேட்கும் எங்கள் மனு இப்போது மேலதிகாரியிடம் இருக்கிறது. நகலும் முத்திரையும் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன, பெயர்ப் பட்டியல் 19 ஆகியிருக்கிறது. தளத்தில் என் பழைய மனு 4,112-இலேயே நிற்கிறது. இலக்கை எட்ட இன்னும் 888 பேர்தான் தேவை என்று நேற்றும் மின்னஞ்சல் வந்தது.