தோளில் பார்பெல்லா, கையில் டம்பெல்லா, பக்கத்தில் தூணா?

நின்றபடி குதிகாலை உயர்த்தி இறக்கும் கெண்டைக்கால் பயிற்சி பார்க்க ரொம்பச் சாது. ஆனால் ஏறி நிற்கும் அந்த நொடியில் உடம்பு மொத்தமும் முன்பாதத்தின் நாலு விரற்கடை அகலத்தில் நிற்கிறது. கணுக்காலும் அப்போது கொஞ்சம் தளர்வுதான். மூட்டுக்குள் உட்காரும் எலும்பு முன்னால் அகலம், பின்னால் குறுகல். குதிகால் ஏற ஏற குறுகலான பக்கம் பொருத்துக்குள் வந்துவிடும். எங்கள் ஊர் வளவு வீடுகளில் குடுமி தேய்ந்த பழைய கதவு ஆடுமே, அதுபோல.

காரைக்குடியில் நான் போகும் ஜிம்மில் இளவட்டங்களுக்குப் பிடித்தது தோளில் பார்பெல், இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டிய நீளக் கம்பி. எடையை ஏற்றிக்கொண்டே போகலாம், பிடி நழுவும் கவலை இல்லை. எனக்கு அது ஆகாது. எடை உயரத்தில் இருப்பதால் லேசாகச் சாய்ந்தாலே ஆளைத் தள்ளும். இரண்டு கையும் கம்பியில் இருக்க, எதைப் பிடிப்பது? செய்துதான் தீருவேன் என்பவர்கள் ரேக் என்கிற இரும்புச் சட்டத்துக்குள் நின்று, பாதுகாப்புக் கம்பிகளைத் தோளுக்குச் சற்றுக் கீழே மாட்டி, முன்பாதத்துக்கு அடியில் கட்டை போடாமல் வெறுந்தரையில் செய்யட்டும். ஆனால் குதிகால் கட்டைக்குக் கீழே இறங்கிக் கெண்டைக்கால் இழுபடும் பாதி அதில் கிடைக்காது. பயிற்சியில் நல்ல பாதி அதுதான்.

இரண்டு கையிலும் டம்பெல் என்பது எவ்வளவோ மேல். எடை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது, தடுமாறினால் விட்டுவிடலாம். (ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் விட்டுவிடாதீர்கள், வீட்டில் சோறு கிடைக்காது.) குறை ஒன்றுதான்: கெண்டைக்கால் களைப்பதற்குள் கைவிரல்கள் களைத்துவிடும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஒரு கால், ஒரு டம்பெல், மறுகை தூணில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆள் இரண்டு கையிலும் 20 கிலோ வைத்து இரண்டு காலில் ஏறினால் ஒரு காலுக்கு 55 கிலோ. அதே ஆள் வெறுங்கையோடு ஒற்றைக்காலில் ஏறினாலே 70. கையில் 10 கிலோ சேர்த்தால் 80. இரண்டு காலில் நின்று அதே 80 வேண்டுமென்றால் தோளில் 90 கிலோ பார்பெல் ஏற்ற வேண்டும்! உழைக்கும் கால் பக்கத்துக் கையில் டம்பெல், எதிர்க்கை தூணில். விரல் நுனி பட்டால் போதும். தூணில் தொங்கினால் பாரத்தைத் தூண் வாங்கிக்கொள்ளும்.

பிடித்துக்கொண்டு செய்வது ஏமாற்று என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். ஒருநாள் முகப்பில் மணைப்பலகையைப் போட்டு, இரண்டு கையிலும் எடையோடு ஏறினேன். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்தெடுப்பது; வழவழப்பு அதன் பிறவிக்குணம். பலகை பின்னால் ஓட, நான் முன்னால் போய்த் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தேன். திண்ணையிலிருந்த அப்பத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல், “விழுறப்பப் பிடிக்கிற தூணை முன்னாடியே பிடிக்கிறதுக்கென்னப்பா?” என்றார்.

அப்புறம் மணைக்கு ஓய்வு. வாசலில் ஏறும் கருங்கல் படிதான் இப்போது என் கட்டை. அது எங்கும் நகராது. ஏறும்போது பாரம் பெருவிரல் அடிமேட்டில் இருக்கிறதா என்று மட்டும் கவனிப்பேன். சுண்டுவிரல் பக்கம் போனால் கணுக்கால் வெளியே மடங்கிச் சுளுக்கும். கீழே வந்ததும் ஒரு நொடி நிற்பேன், துள்ளி எழுவதில்லை. மெத்தென்ற ஓட்டக் காலணியும் வேண்டாம், அதன்மேல் நிற்பது தலையணைமேல் நிற்பது மாதிரி. தட்டையான கெட்டி அடி போதும். வாசல் தெளித்த ஈரம் காய்கிற வரை காத்திருக்க வேண்டும் என்பதால், காலை ஏழு மணிக்கு முன்னால் நான் ஆரம்பிப்பதில்லை.