மேஜர் பிக்கெம்: பாஸ் வாங்கும் முன்

கவுன்டர்-ஸ்டிரைக் 2 கணினி விளையாட்டின் மேஜர் (பெரிய போட்டித் தொடர்) நெருங்கினால் வியூவர் பாஸ் (ரசிகர்களுக்கான பாஸ்) விற்பனைக்கு வரும். அதில் உருப்படியானது பிக்கெம், அதாவது போட்டி முடிவுகளைக் கணிக்கும் சவால்தான்; மற்றதெல்லாம் அலங்காரம்.

சுவிஸ் சுற்றில் (ஒரே வெற்றி-தோல்விக் கணக்குள்ள அணிகள் மோதும் முறை) 16 அணிகள். மூன்று வென்றால் உள்ளே, மூன்று தோற்றால் வெளியே. நீங்கள் 3-0 போக (மூன்று வெற்றி, தோல்வி இல்லை) 2, 0-3 போக 2, முன்னேற 6 என 10 அணிகளைக் குறிக்க வேண்டும். 5 சரியானால் அந்தச் சவால் முடிந்தது. பலர் சறுக்குவது இங்கே: 'முன்னேறும்' என்றால் 3-1 அல்லது 3-2 மட்டுமே. பலமான அணியை அதில் போட்டு, அது 3-0 போனால் புள்ளி போச்சு! தொடக்க ஆட்டம் ஒரே மேப் (ஆடுகளம்) என்றால் பெரிய அணியும் கவிழலாம். எனவே எதிரணியின் மேப் வீட்டோவையும் (எந்த மேப்பை விலக்குகிறது என்பதையும்) பாருங்கள்.

குறை: அடுத்த கட்டத்துக்கான ஜோடிகள் தெரிந்தபின் கிடைக்கும் அவகாசம் குறைவு. முதல் ஆட்டம் தொடங்கியதும் கணிப்புகள் பூட்டப்பட்டுவிடும்.