மோனேயின் அல்லிக்குளம்: பாரிஸ் ஆரஞ்சரி போகிறவர்களுக்கு

பாரிஸில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் ஆரஞ்சரியைத்தான் சொல்வேன். துய்லெரி தோட்டத்தின் ஓரத்தில், கொன்கார்ட் சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது. மெட்ரோவில் கொன்கார்டில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். வெளியே பார்க்க நீளமான, எளிமையான கட்டடம். துய்லெரி தோட்டத்து ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காப்பாற்றுவதற்காக 1852-ல் கட்டியது. இப்போது அங்கே பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே தன் அல்லிக்குளத்தைப் பார்த்து வரைந்த ‘அல்லிகள்’ இருக்கின்றன. இரண்டு நீள்வட்ட அறைகள், அறைக்கு நான்காக எட்டு ஓவியங்கள். உயரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 2 மீட்டர், நீளத்தைக் கூட்டினால் 90 மீட்டருக்கு மேல் வரும்.

என் முதல் மதிப்பெண் கூரைக்கு. அறைகளுக்கு வெளிச்சம் மேலிருந்து, பகல் வெளிச்சமாகவே, மெல்லிய திரை வழியாக வடிகட்டி இறங்குகிறது. வெளியே ஒரு மேகம் சூரியனை மறைத்தால் உள்ளே ஓவியத்தின் நீலம் கனத்துப்போகும், மேகம் விலகினால் அதே இடத்தில் இளஞ்சிவப்பு எழுந்து வரும். இது மோனேயே கேட்டு வாங்கிய ஏற்பாடு. ஆனால் 1960-களில் இந்த அறைகளுக்கு மேலே ஒரு தளத்தைக் கட்டி அந்த வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள், பல வருடம் மக்கள் மின்விளக்கில்தான் பார்த்தார்கள். 2000-ல் அருங்காட்சியகத்தை மூடி, அந்தத் தளத்தை இடித்து, 2006-ல்தான் மறுபடி திறந்தார்கள். கேன்வாஸ்கள் சுவரோடு ஒட்டப்பட்டவை, கழற்ற முடியாது, அதனால் இடிக்கிற வேலை முழுவதும் அவற்றைப் பெட்டி மாதிரி மூடி அங்கேயே வைத்துக் காத்தார்கள். இவ்வளவு சிரமம் எதற்கு என்று நினைப்பவர்கள் மேகமும் வெயிலும் மாறி மாறி வருகிற ஒரு நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

முதல் அறையில் ‘சூரிய அஸ்தமனம்’ என்கிற ஓவியம் இருக்கிறது. மற்றவற்றோடு பார்த்தால் சிறியதுதான், 6 மீட்டர். அதில் சூரியன் கிடையாது. கரை கிடையாது, தொடுவானம் கிடையாது. தண்ணீரில் விழுந்து கிடக்கும் மஞ்சள் மட்டும்தான், சுற்றிலும் ஆரஞ்சும் ஊதாவும். கிட்டே போய் நின்றால் அந்த மஞ்சள்கூடக் காணாமல் போய்விடும். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு மாதிரி மேடும் பள்ளமுமாகச் சாயம், குறுக்கும் நெடுக்கும் இழுத்த தூரிகைத்தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று, இடையில் எதிர்பாராத ஒரு பச்சை. அங்கிருந்து பத்தடி பின்னால் வாருங்கள், சட்டென்று அது ஈரமாகிவிடும். நான் முன்னும் பின்னும் நடந்து நடந்து, எந்த இடத்தில் சாயம் தண்ணீராக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னதுதான் அந்த இடம் என்று சொல்லவே முடியாது.

நிழலை மட்டும் தனியாக ஒரு சுற்று பாருங்கள். மோனேயும் அவர் கூட்டாளிகளும், அதாவது இம்ப்ரஷனிசக்காரர்கள், வெளியில் வெயிலில் நின்று வரைந்தவர்கள். தகரக் குழாயில் அடைத்த சாயம் 1840-களில் வந்ததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக முடிந்தது. அங்கே நின்று பார்த்தபோது நிழலில் நீலமும் ஊதாவும் பச்சையும் தெரிந்தன, தெரிந்ததையே வரைந்தார்கள். இங்கே குளக்கரையில் கிளை தொங்க நிற்கும் வில்லோ மரத்தின் அடிப்பாகம் ஊதாவாக இருப்பது அப்படித்தான். ஒருமுறை இதைக் கண் பிடித்துக்கொண்டால் அப்புறம் தெருவில் நடக்கும்போதும் நிழலில் நிறம் தேட ஆரம்பித்துவிடும்.

எல்லாரும் இந்த அறைகளை ‘மனதுக்கு அமைதி’ என்று எழுதுகிறார்கள். முதல் அறைக்குச் சரி. இரண்டாவது அறை எனக்கு அப்படி இல்லை. வில்லோக் கிளைகள் மேலிருந்து கண்ணீர் மாதிரி தொங்குகின்றன. ‘மரங்களின் பிரதிபலிப்பு’ என்கிற ஓவியம் கிட்டத்தட்ட இருட்டு. மோனேயின் மனைவி ஆலிஸ் 1911-ல் இறந்தார், மகன் ழான் 1914-ல். அந்த வருடம்தான் இந்தப் பெரிய கேன்வாஸ்களைத் தொடங்கினார், முதல் உலகப்போர் முழுக்க தான் வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்தில் தன் குளத்தை வரைந்துகொண்டே இருந்தார். போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, நண்பரும் பிரதமருமான க்ளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, ஓவியங்களை நாட்டுக்குக் கொடுக்க முன்வந்தார். இடையில் கண்புரை முற்றி நிறங்களே மாறித் தெரிந்தன, 1923-ல் அறுவை சிகிச்சை, அப்புறமும் திருத்தம். 1926 டிசம்பரில் அவர் இறக்கும்வரை ஓவியங்கள் அவர் கையைவிட்டுப் போகவில்லை. அறைகள் திறந்தது 1927 மே மாதம், அதாவது அவர் இதைச் சுவரில் பார்க்கவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ‘இரண்டு வில்லோக்கள்’ முன்னால் நில்லுங்கள். 17 மீட்டர், ஒரே பார்வைக்குள் அடங்காது, தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

போவதானால் காலை 9 மணிக்குத் திறந்ததும் போங்கள். டிக்கெட்டை இணையத்திலேயே நேரத்தோடு முன்பதிவு செய்துவிடுங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை, 18 வயதுக்குக் கீழே இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், ஆனால் கூட்டத்தில் இந்த அறைகளை ரசிக்க முடியாது, காசு கொடுத்து வேறு நாளில் போவதே நல்லது. உள்ளே போனதும் நேராக அல்லிகள். நடுவில் இருக்கிற பெஞ்சில் இடம் பிடித்துப் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வளைந்த சுவர் எந்தப் போட்டோவிலும் தட்டையாகத்தான் விழும். கதையும் முகங்களும் வேண்டும் என்பவர்களுக்கு இங்கே சலிப்பாக இருக்கலாம், அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ரெனுவார், செசான், மொடிலியானி, சூட்டின் என்று மற்ற ஓவியர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ரெனுவாரின் பியானோ வாசிக்கும் பெண்களைத் தவறவிட வேண்டாம்.

இன்னும் அரை நாள் கிடைத்தால் நகரத்தின் மேற்கே மார்மொத்தான் அருங்காட்சியகம், அதற்குத் திங்கள் விடுமுறை. இம்ப்ரஷனிச இயக்கத்துக்கே பெயர் தந்த மோனேயின் 1872-ஆம் வருட ஓவியம் ‘இம்ப்ரஷன், சூரிய உதயம்’ அங்கேதான் இருக்கிறது, லெ ஆவ்ர் துறைமுகத்தின் காலைப் பனியில் ஒரு சின்ன ஆரஞ்சுச் சூரியன். அதைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். சுற்றியிருக்கிற சாம்பல் வானமும் அதுவும் ஒரே அளவு வெளிச்சம். அது அப்படிக் கொதிப்பது நிறத்தால் மட்டுமே.