ஜீப்புக்குப் பின்னால் அகல ஆக்சில்: ஒரு மழைக்காலம் ஓட்டிய பிறகு

எங்களிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்எம்540. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் இருக்கிற ஏலத்தோட்டத்துக்கு ஆளும் உரமும் கொண்டுபோவதுதான் அதற்கு வேலை. சேற்றுக்காகப் பெரிய டயர் போட்டு, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையையும் உயர்த்தியதில் வண்டி மூன்று அங்குலம் மேலே போய்விட்டது. அதன் பிறகு பக்கச் சரிவில் ஓட்டவே பயமாக இருந்தது. உயரம் கூடி அகலம் கூடாவிட்டால் வேறு எப்படி இருக்கும்? அதனால்தான் பழைய சாமான் கடையில் கிடைத்த அகல ஆக்சிலை வாங்கிப் பின்னால் மாட்டினேன். நான் மார்க் போடுவதென்றால் ஆக்சிலுக்கு ஐந்துக்கு நான்கு. மாட்டிக்கொடுத்த பட்டறைக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

டேப் வைத்து அளந்தபோது பழைய ஆக்சிலில் டயர் நடுவிலிருந்து டயர் நடு 51 அங்குலம், புதியதில் 55. பக்கத்துக்கு இரண்டு அங்குலம்தான் கூடுதல். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் சரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த இரண்டு அங்குலம் நன்றாகவே தெரியும்.

வாங்குவதற்கு முன்னால் பல் விகிதம் என் முன் ஆக்சிலோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே ஒரு சோதனை செய்தேன், இதை எல்லோரும் செய்ய வேண்டும். ஒரு பக்க பிரேக் டிரம்மைப் பையன் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்க டிரம்மை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். ஆக்சில் நடுவில் ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடான பினியன் ஃபிளேஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் மூன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. என் முன் ஆக்சிலிலோ ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே பெரிய கிரவுன் பல்லையும் அதைச் சுற்றும் சிறிய பினியன் பல்லையும் எண்ணிப் பார்த்தால் வாங்கப்போவதில் 41க்கு 11, என்னுடையதில் 39க்கு 8. இந்த வித்தியாசத்தோடு மாட்டி ஃபோர் வீலைப் போட்டால் சேற்றில் டயர் வழுக்கி எப்படியோ ஒப்பேறிவிடும், பாறையிலோ தாரிலோ முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து இழுவையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் உடையும். நல்லவேளை, இரண்டுக்கும் ஹவுசிங் என்கிற வெளிக்கூடு ஒரே வகை, பேரிங் அளவும் உள் ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் ஸ்ப்லைன் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தன. அதனால் என் பழைய ஆக்சிலின் கிரவுன் பினியனை அது உட்காரும் கேரியரோடு எடுத்து இதற்குள் வைத்துவிட்டோம். அந்த வேலையைப் பட்டறை சுத்தமாகச் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு, டயல் வைத்துப் பல் இடைவெளியை 0.2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து, பல்லில் நீலம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். இன்றுவரை கிரவுனில் ஊளைச் சத்தம் இல்லை.

கோட்டை விட்டது ஆக்சில் மேல் பட்டை உட்காரும் சீட்டில். அகல ஹவுசிங்கில் சீட் இருக்கும் இடம் நம் பட்டைக்குச் சேராது. வெட்டி எடுத்து வேறு இடத்தில் பற்றவைக்க வேண்டும். முதலில் நான்கு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, வண்டியை இறக்கி, முழு எடையும் பட்டையில் உட்கார்ந்த பிறகு, கியர்பாக்ஸ் பக்கத்து ஃபிளேஞ்சும் பினியன் ஃபிளேஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டிங் அடிக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும், இரண்டு பக்கமும் கிராஸ் என்கிற மடங்கும் மூட்டு உள்ள சாதாரண ஷாஃப்டுக்கு அந்த இணை கட்டாயம். அதையும் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது, சூட்டில் குழாய் வளைந்துவிடும், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆறவிட்டு அடிக்க வேண்டும். இவர்கள் வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுதாக அடித்துவிட்டார்கள். நான் கேட்டதற்கு, "பழைய அளவுதான் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார் மெக்கானிக். நாற்பது கிலோமீட்டர் வேகம் தொட்டதும் தரையெல்லாம் அதிர்ந்தது. இரண்டே மாதத்தில் பின் கிராஸ் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் கப்புக்குள் ஊசி பேரிங் துருப்பொடியாகக் கொட்டியது. திருப்பிக் கொண்டுபோனபோது டயர் பேலன்ஸ் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். கடைசியில் தேனியில் ஒரு லேத்துக்காரரிடம் சாய்வாகச் சீவிய ஆப்புத் தகடு செய்து வாங்கி, பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்து, நீளமான யூ போல்ட் போட்டதும் அதிர்வு நின்றது. அப்புறம் ஷாஃப்டையும் அளவுக்கு வெட்டி பேலன்ஸ் செய்யவேண்டியிருந்தது, அது தனிச் செலவு.

பிரேக்கைப் பற்றி யாருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புது ஆக்சிலின் டிரம் பெரியது, பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரும் பெரியது. போடிமெட்டிலிருந்து வெறும் வண்டியாகப் பதினேழு கொண்டை ஊசி இறங்கும்போது, நனைந்த சாலையில் பின் டயர் முதலில் பூட்டிக்கொண்டு வால் வெளியே போனது. இரண்டாவது வளைவிலேயே ஓரங்கட்டிவிட்டேன், கை நடுங்கியது. சிறிய சிலிண்டர் மாற்றிய பிறகுதான் வீட்டு ஆட்களை ஏற்றினேன். ஆக்சில் மாற்றுகிறவர்கள் முதல் நாளே காலி மைதானத்தில் பிரேக் அடித்துப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

முன்னால் பழைய அகலம், பின்னால் புது அகலம் என்பதும் பாதி வேலைதான். சேற்றில் முன் டயர் வெட்டிய தடத்தில் பின் டயர் போகாது, தனக்கென்று புதுத் தடம் வெட்டும், அதற்கு இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டும். தோட்டத்துக் கற்சுவர் ஓரமாகத் திரும்பும்போது முன் சக்கரம் தப்பித்து பின் சக்கரம் இடிக்கும், ஒரு டயரின் பக்கச்சுவர் அப்படித்தான் கிழிந்தது. சரிவிலும் நான்கு அங்குலத்தின் முழுப் பலன் கிடைக்காது, வண்டி கவிழ்வது முன் டயரையும் பின் டயரையும் சேர்த்த கோட்டின் மேல் என்பதால் ஏறக்குறைய பாதிதான் கையில் வரும்.

காகித விஷயமும் ஒன்று உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

செலவு: ஹவுசிங், ஷாஃப்ட், டிரம் எல்லாம் சேர்த்து 28,000. பட்டறைக் கூலி 14,000. அவர்கள் விட்ட தவறைச் சரிசெய்ய இன்னொரு 11,000.

இத்தனைக்குப் பிறகும் பழைய ஆக்சிலுக்குத் திரும்ப மாட்டேன். தோட்டத்தில் ஓடைக்கு மேலே ஒரு சரிவு இருக்கிறது, இடது பக்கம் பள்ளம். முன்பு அங்கே வந்ததும் வலது பக்க டயர் லேசாகிவிட்டதை ஸ்டியரிங்கிலேயே உணர்வேன். இந்த மழையில் ஏழு மூட்டை உரத்தோடு ஏறினேன், வண்டி அழுத்தமாக உட்கார்ந்து போனது. ஆனால் அந்த இடம் வந்தால் ஆட்களை இறங்கி நடக்கச் சொல்வதை இன்னும் விடவில்லை. முன் ஆக்சிலும் அகலமாக வரட்டும், அதுவரை அவர்கள் நடந்தே வரட்டும்.