மென்பொருளுக்குக் காப்புரிமை வேண்டுமா, பதிப்புரிமை போதாதா?

பேட்டன்ட், காப்பிரைட் இரண்டையுமே ‘காப்புரிமை’ என்று எழுதிவிடும் வழக்கம் தமிழில் உண்டு. கதை, பாட்டு என்றால் அதில் பெரிய நஷ்டமில்லை. மென்பொருள் விஷயத்தில் சண்டையே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதனால் இங்கே பேட்டன்ட் என்றால் காப்புரிமை, காப்பிரைட் என்றால் பதிப்புரிமை.

பதிப்புரிமை நீங்கள் எழுதிய வரிகளைக் காக்கிறது. விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், எழுதும்போதே அது கூட வந்துவிடும். 1994-இல் கையெழுத்தான, அறிவுசார் சொத்துக்கான உலக வணிக ஒப்பந்தமான ட்ரிப்ஸ், நிரலை (கணினி புரோகிராமை) இலக்கியப் படைப்பைப் போலவே காக்கச் சொல்கிறது. காப்புரிமைக்கு வரிகளைப் பற்றிக் கவலை கிடையாது. அது பிடிப்பது செய்முறையை. வேறு கணினி மொழியில், ஒரு வரிகூட ஒத்துப்போகாமல் நீங்கள் எழுதியிருக்கலாம். உள்ளே நடக்கும் வேலை அதேதான் என்றால் மாட்டிக்கொண்டீர்கள்.

காலக் கணக்கை மட்டும் பார்த்தால் பதிப்புரிமைதான் பயமுறுத்தும். எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும். காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். ஆனால் டெவலப்பருக்கு உறைப்பது வேறு இடத்தில். “இதைப் பார்த்து எழுதவில்லை, நானாக யோசித்தது” என்பது பதிப்புரிமை வழக்கில் நல்ல பதில். காப்புரிமை வழக்கில் அது பதிலே இல்லை.

ஒரே யோசனை இரண்டு பேருக்குத் தனித்தனியாக வருவது அபூர்வம் என்று நினைத்தால் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ குறியாக்க முறையின் கதையைப் பாருங்கள். 1973-இல் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் வேலை பார்த்த கிளிஃபர்ட் காக்ஸ் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்துவிட்டார். அது 1997 வரை வெளியே வரவில்லை. நடுவில் 1977-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் எதுவும் தெரியாமல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1983-இல் அவர்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

ரகசியமாகவே வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் சொல்வது இதைத்தான். காக்ஸின் வேலை பெட்டிக்குள் கிடந்த 24 ஆண்டுகள் யாருக்கும் உதவவில்லை. காப்புரிமைக்காரர்களின் மிகப் பழைய வாதம் இங்கேதான் எழும்: உரிமை கொடுங்கள், ரகசியம் வெளியே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எம்ஐடி மூவரின் முறை 1977 ஆகஸ்டிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது, விண்ணப்பம் போனது டிசம்பரில். வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் தரும் அமெரிக்காவில் உரிமை கிடைத்தது. அந்தச் சலுகை இல்லாத நாடுகளில் கிடைக்கவில்லை. உலகத்தின் பெரும்பகுதி இலவசமாகப் பயன்படுத்திய ஒன்றுக்கு 2000 செப்டம்பர் வரை அமெரிக்க நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் காப்புரிமை எந்த ரகசியத்தையும் வெளியே கொண்டுவரவில்லை.

அப்புறம், காப்புரிமை ஆவணங்களைப் படித்து யார் நிரல் எழுதுகிறார்கள்? மூலநிரலை இணைக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. வக்கீல் தமிழையும் தோற்கடிக்கும் மொழிநடை வேறு. தெரிந்தே மீறினால் நஷ்டஈட்டை மூன்று மடங்குவரை ஏற்ற அமெரிக்கச் சட்டம் இடம் தருவதால், ‘படிக்கவே படிக்காதே’ என்று பொறியாளர்களிடம் சொல்லிவைக்கும் நிறுவனங்களும் உண்டு. பிறர் படிப்பதற்காக எழுதவைத்த ஆவணத்தின் கதி இது.

ஜிஃப் படங்களின் கதை இன்னும் கசப்பு. கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 1987-இல் அந்த வடிவத்தை வெளியிட்டது. உள்ளே இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்கமுறையின் காப்புரிமை யூனிசிஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கையில் இருந்தது. 1994 கடைசியில் ஜிஃப் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது, இணையம் முழுக்க அந்தப் படங்கள் பரவியிருந்தன. அந்தக் கோபத்தில் மாற்றாகப் பிறந்த பட வடிவம்தான் பிஎன்ஜி. தொல்லையால் ஒரு நல்ல வடிவம் கிடைத்தது என்று இதைக் காப்புரிமையின் கணக்கில் வரவு வைப்பவர்களுக்கு என் கும்பிடு.

காப்புரிமைக்கு ஆதரவான பக்கத்தில் எனக்குக் கனமாகத் தெரிவது எம்பி3. ஒலியைச் சுருக்கும் ஆராய்ச்சிக்குப் பல ஆண்டு உழைப்பு போனது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017 வரை உரிமக் கட்டணம் வசூலித்தது, அந்தப் பணம் மேலும் ஆராய்ச்சிக்கு உதவியது. வெறும் பதிப்புரிமையால் அதைச் செய்திருக்க முடியாது. இன்னொரு பக்கம் விசிகால்க். தனிநபர் கணினிக்கு வந்த முதல் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளான அது 1979-இல் காப்புரிமை இல்லாமலே வந்தது. லோட்டஸும் எக்செலும் பின்னால் வந்து அதே யோசனையை வளர்த்தன. உருவாக்கியவர்களுக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் விரிதாள் 20 ஆண்டு ஒரே கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நாடுகள் நடுவழி தேடுகின்றன. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை ‘நிரல் என்ற அளவில்’, அதாவது வெறும் நிரலுக்கு, காப்புரிமை இல்லை என்கிறது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவும் கிட்டத்தட்ட அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்ணப்பத்தில் நிரலை இயந்திரத்தோடு சேர்த்து எழுதினால் அந்த வேலியைத் தாண்ட வழி இருக்கிறது. சில சமயம் அது நியாயமும்கூட. 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமைக்குத் தகும் என்று ஏற்றுக்கொண்டது, ரப்பரைப் பதப்படுத்தும் அச்சை எப்போது திறப்பது என்று கணினி கணக்கிடும் ஒரு முறையை. அது ரப்பர் தொழில்நுட்பம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அமேசானின் ஒரே க்ளிக்கில் வாங்கும் முறைக்கு 1999-இல் கொடுத்தது வேறு ரகம். ஐரோப்பாவில் அது தேறவில்லை. தெரிந்த யோசனையைக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2014-இல், ஆலிஸ் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் பெரும்பாலான நிரல்களுக்குப் பதிப்புரிமையே தாராளம். எம்பி3 போன்றவற்றுக்காகக் காப்புரிமையை வைத்தே தீர வேண்டும் என்றால், சரி, தானாகக் கண்டுபிடித்தவரை மட்டும் விட்டுவிடுங்கள். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 2011 திருத்தம், விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே அந்த முறையை வணிகத்தில் பயன்படுத்தியவருக்கு ஒரு தற்காப்பு கொடுத்திருக்கிறது. ஒரு வாரம் பிந்தி, யாரையும் பார்க்காமல், தன் மேசையில் உட்கார்ந்து யோசித்தவருக்கு இன்னும் எதுவும் இல்லை.