பியர்டட் டிராகனுக்கு (வீட்ல கூண்டுல வளக்கற பல்லி வகைங்க) எந்த ஐஆர் கன்னுங்க (தொடாம சூடு பாக்கற கருவி)? நெத்தி கன்னா, மில்லு கன்னா?

கொரோனா டைம்ல வாங்குன நெத்தி கன் வீட்ல கெடக்குதே அதே போதுமாங்கன்னு கேக்கறாங்க. இன்னொண்ணு, நம்ம கோயமுத்தூர் மில்லு மெயின்டெனன்ஸ்காரங்க மோட்டார் பேரிங் சூடு பாக்கற சாதாரண கன்.

காசு: நெத்தி கன் சும்மாவே இருக்கு. மில்லு கன் ஆயிரம் ரூவா பக்கம் வருமுங்க.

ரேஞ்சு: இங்கதான் மேட்டரே. நெத்தி கன் மனுச ஒடம்புக்குன்னே செஞ்சது, 32லருந்து 43 டிகிரி வரைக்கும்தான் பெரும்பாலும், அதுக்குக் கீழ போனா 'லோ'ன்னு காட்டிட்டு நின்னுரும், அதுவும் நெத்தி சூட்ட ஒடம்பு சூடா கணக்குப் போட்டு மாத்தித்தான் காட்டும். டிராகன் வெயில் காயற கல்லு 40 கிட்ட இருக்கோணும், கூண்டோட குளுந்த பக்கம் 25 சொச்சம், மார்கழி ராத்திரில இன்னும் எறங்கும். மில்லு கன் இதெல்லாம் பாக்கும்.

தூரம்: மில்லு கன்ல 8:1, 12:1ன்னு போட்டிருக்கும், 12:1னா 12 இஞ்சு தள்ளி நின்னா 1 இஞ்சு வட்டத்தோட சராசரி. பக்கத்துல புடிங்க. கண்ணாடி வழியா அடிச்சா கண்ணாடி சூடுதான் வரும், கன்னுல குறி பாக்க வர்ற லேசர் வெளிச்சம் டிராகன் கண்ணுல படக்கூடாது.

கல்லு சூடு பாக்க மில்லு கன்னே வாங்கிக்கோங்க, நெத்தி கன் கொழந்தைக்கு காய்ச்சல் பாக்க இருக்கட்டும். கூண்டுக்குள்ள காத்து சூடு ரெண்டுலயுமே வராதுங்க, அதுக்கு ஒயர் வச்ச புரோப் (கூண்டுக்குள்ள வச்சு சூடு பாக்கற முனை) தனியா வாங்கோணும்.