மானியம் வாங்கித் தருகிறோம் என்று 47,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: எச்சரிக்கை

நேற்று மாலைதான் எல்லாம் முழுதாகப் புரிந்தது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. 47,500 ரூபாய். என் கைக்காசாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இது பிள்ளைகளுடைய பணம். சிறிய அறக்கட்டளை, நூலகம், மன்றம் என்று எதை நடத்துகிறவராக இருந்தாலும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் நாங்கள் சில பேர் ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். சனிக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளைகளைப் பழையாற்றங்கரைக்கு அழைத்துப் போவோம். சுசீந்திரத்தில் தொடங்கி ஆறு கடலில் கலக்கும் மணக்குடிப் பொழிமுகம் வரை இடத்துக்கு இடம் தண்ணீர் எடுத்து உப்பை அளப்போம். தேரூர் குளத்தில் பறவைகளை எண்ணுவோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. வீட்டு வாசலில் இப்படி ஒன்று இருக்கும்போது அறிவியலையும் கணக்கையும் பிள்ளைகள் அங்கேயே கற்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

எங்களிடம் இருந்தது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரியான மலிவு விலை டிடிஎஸ் மீட்டர். அது லிட்டருக்கு 9,990 மில்லிகிராமுக்கு மேல் காட்டாது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. கடல் நீர் ஏறிவரும் நேரத்தில் பொழிமுகத்தில் மீட்டரை நனைத்தால் அது திணறிவிடும். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் நோட்டில் ஆற்றை நீளமாக வரைந்து, ஒவ்வொரு பாலத்துக்கும் எதிரே அளவை எழுதி, மணக்குடிக்கு நேரே "மீட்டருக்கு இதற்கு மேல் தெரியாது" என்று குறித்திருந்தாள். நல்ல கருவியும் நுண்ணோக்கியும் வாங்க வேண்டும் என்று மானியம் தேடத் தொடங்கியதே அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டு மானியம் வாங்கித் தரும் இணையச் சேவை. பெயரைச் சொல்லவில்லை, நாளை வேறு பெயரில் வருவார்கள். வீடியோ அழைப்பில் பேசியவன் எடுத்த எடுப்பிலேயே, "அண்ணாச்சி, நானும் மார்த்தாண்டம் பக்கந்தான்" என்றான். பேச்சிலும் நம் ஊர் வாடை அடித்தது. அந்த நோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். பிறகு அந்த வரியை வாய்விட்டுப் படித்தான். "இந்தப் பக்கத்தையே விண்ணப்பத்தின் முதல் பக்கமாக வைப்போம் அண்ணாச்சி. இதைப் பார்த்தபிறகு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். ஒரு பிள்ளையின் கையெழுத்தை மதிக்கிறவன் திருடனாக இருக்க மாட்டான் என்று நம்பினேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சுற்றுச்சூழல் கல்வி மானியம் என்று ஓர் அறிக்கையை அனுப்பினான். முதலில் அமெரிக்க அரசுத் தளத்தில் பதிவு செய்ய 12,500. அடுத்து விண்ணப்பம் எழுத 18,000. கடைசியாக, திட்டச் செலவில் 25 சதவீதம் நம் பங்காக இருக்க வேண்டும், அதற்கு முன்பணம் 17,000. மொத்தம் 47,500. பிள்ளைகள் பழைய தாளும் பாட்டிலும் விற்றுச் சேர்த்த 6,340 ரூபாய் அதில் இருக்கிறது. மணக்குடியில் பெரியவர் ஒருவர் மீன் ஏலம் முடிந்த கையோடு 2,000 ரூபாயை ஈரம் காயாத நோட்டாகவே தந்தார். பணம் அனுப்பும்போது நிறுவனத்தின் பெயர் வராமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது எங்கள் கணக்காளர் பெயர்" என்றான். அதையும் நம்பினேன்.

அதன்பிறகு அலைக்கழிப்பு. அங்கே விடுமுறைக் காலம் என்றார்கள். தளம் பராமரிப்பில் இருக்கிறது என்றார்கள். புகார் எண் ஒன்றைத் தந்து 48 மணி நேரத்தில் அழைப்போம் என்றார்கள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒரு பெண் எடுத்து, சேவைக் கட்டணம் எக்காரணத்தைக் கொண்டும் திரும்பத் தரப்படாது என்று நிபந்தனையில் இருக்கிறதே, படிக்கவில்லையா என்று என்னையே கேட்டாள். மார்த்தாண்டத்துக்காரன் என் எண்ணையே தடை செய்துவிட்டான்.

எங்களிடம் முன்பு படித்து இப்போது பொறியியல் கல்லூரியில் இருக்கும் தம்பி நேற்று வந்து பார்த்தான். அவர்கள் தந்த பதிவு எண் ஒன்பது இலக்கம். "அண்ணா, இந்த ஒன்பது இலக்க முறை 2022 ஏப்ரலிலேயே போய்விட்டது. இப்போது எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு" என்றான். அந்தப் பதிவுக்குக் காசே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மானியத்துக்கான திட்டம் அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோதான் நடக்க வேண்டும். மணக்குடிக்கு அதில் இடமே இல்லை. 25 சதவீதம் என்ற விதி மட்டும் உண்மை. ஆனால் அது திட்டத்துக்கு நாம் போடும் பங்கு. பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. யாருக்கும் முன்பணம் கட்டுவது அல்ல. உண்மையான விதி ஒன்றை எடுத்து அதிலேயே கத்தியைச் செருகியிருக்கிறார்கள்.

விண்ணப்பிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மானியம் கிடைக்கும் முன்பே பதிவு, முன்பணம் என்று காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியை, மானியம் தருகிறவர்களின் சொந்தத் தளத்தில் நீங்களே படியுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய உள்துறையின் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். அந்தப் பணமும் முதலில் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வெளிநாட்டு மானியம் என்று பேசுகிறவன் பொய்யன். பணம் போனால் அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நான் நாட்களைக் கடத்திவிட்டு, நேற்று இரவுதான் அழைத்தேன்.

இன்று காலையில்கூட அதே விளம்பரம் என் கைப்பேசியில் வந்து நிற்கிறது. இந்தத் தடவை பள்ளி ஆய்வகங்களுக்கு மானியமாம். யாராவது பணம் அனுப்பும் எண்ணத்தில் இருந்தால், அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.